எருக்கு முளைத்த இடம்



காஷ்மீர் போய்வந்த மும்பை செம்பூர் வாசகி ஒருவர் ஒரு படத்தை அனுப்பி, “இது நம்ம வடாலா எருக்குதானே?” என்று கேட்டிருந்தார். சாலையோரம் எடுத்த படம். ஆள் உயரத் தண்டில் மஞ்சள் பூ, அடியில் கம்பளி போர்த்தியது போல் சாம்பல் பூத்த பெரிய இலைகள். இலையை மட்டும் பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். ஆனால் அது மல்லீன். எருக்குக்கும் அதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. கிள்ளினால் பால்கூட வராது.

இமயமலைப் பக்கம் அதைக் கீதட் தமாக்கு என்பார்கள். குள்ளநரிப் புகையிலை! முதல் வருஷம் இலையைத் தரையோடு விரித்துக்கொண்டு சும்மா கிடக்கும். மறு வருஷம் தண்டு எழும்பிப் பூத்து, லட்சம் விதை சிந்திவிட்டுச் செத்துப்போகும். ஐரோப்பாவில் இலையை இருமலுக்குக் கஷாயம் வைத்தார்கள், பூவை எண்ணெயில் ஊறவைத்துக் காதுவலிக்கு விட்டார்கள், காய்ந்த தண்டைக் கொழுப்பில் தோய்த்துப் பந்தம் கொளுத்தினார்கள். அதன் விதைக்குள்ள பொறுமைதான் என்னை அசத்தியது. 1879-ல் அமெரிக்காவின் மிச்சிகனில் வில்லியம் பீல் என்ற தாவரவியல் பேராசிரியர் பலவகைக் களைவிதைகளை 20 புட்டிகளில் போட்டுப் புதைத்துவைத்தார். 2021-ல் ஒரு புட்டியைத் தோண்டி விதைத்தபோது, 142 வருஷம் கழித்து முளைத்தவை எல்லாம் மல்லீன் குடும்பத்துப் பிள்ளைகளே. யாராவது மண்ணைக் கிளறி வெளிச்சம் காட்டும்வரை காத்திருக்கிற சாதி அது.

எருக்குக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. காய் வெடித்ததும் பஞ்சைக் கட்டிக்கொண்டு காற்றில் ஏறிவிடும். ஆனால் இரண்டும் தேடுவது ஒரே மாதிரி இடத்தை: கிளறிப்போட்ட, ஆளில்லாத, வெயில் விழுகிற மண்.

அந்த மண்ணுக்கு வடாலாவில் என்ன பஞ்சம்? ஒரு பக்கம் உப்பளம், ஒரு பக்கம் லாரி முனையம், நடுவே ஹார்பர் லைன் தண்டவாளம். உப்புக்காற்றும் எருக்குக்குப் பொருட்டில்லை. ஊரில் சண்டை முற்றினால் “உன் வீட்டுல எருக்கு முளைக்க” என்று சபிப்பார்கள். வீடு பாழானால் எருக்கு முளைக்கும் என்பது அங்கே கணக்கு. இங்கே தலைகீழ். தகரத் தடுப்பு அடித்த மனையில் எருக்கு தலைகாட்டினால், அடுத்து மாடிவீடு எழும்பப் போகிறது என்று அர்த்தம்.

யாரும் பயிர் செய்யாத இந்தச் செடிக்கு வாரம் தவறாமல் அறுவடை உண்டு. மராட்டியில் இதன் பெயர் ருயி. சனிக்கிழமை மாருதிக்கு ருயி இலை மாலை சாத்த வேண்டும். வெள்ளிக்கிழமை மாலை தண்டவாள ஓரமாகக் கோணிப்பையோடு இலை பறிக்கிற அம்மாவை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். நமக்கோ பிள்ளையார் சதுர்த்திக்குப் பூ வேண்டும், ரதசப்தமிக்கு ஏழு இலை வேண்டும். மற்ற நாளெல்லாம் அது குப்பைமேட்டுச் செடி. இந்த இரட்டைப் பார்வை பழசுதான். எருக்கம்பூவைக் கொடுத்தாலும் கடவுள் வேண்டாம் என்பதில்லை என்று புறநானூற்றில் கபிலர் பாரியின் கொடைக்கு உவமை சொல்கிறார். சங்கப் பாடல்களில் மடலேறும் காதலன் வெட்கம் விட்டுச் சூடியதும் இதே எருக்கைத்தான்.

சின்ன வயதில் காலில் முள் ஏறினால் என் பாட்டி எருக்கம்பால் ஒரு சொட்டு வைப்பார். முள் தானே வெளியே வரும் என்பார். வந்ததா என்று நினைவில்லை, எரிந்தது நினைவிருக்கிறது. இலையை வாட்டி மூட்டுவலிக்குக் கட்டுவதும், வயலில் தழையுரமாக மிதித்துவிடுவதும், தண்டு நாரில் கயிறு திரிப்பதும் உண்டு. ஆனால் பால் கண்ணில் படக்கூடாது. பார்வை மங்கும், வலியோ பெரும்பாலும் தெரியாது. வலிக்கவில்லையே என்று இருந்துவிடாமல், தண்ணீரால் நன்றாகக் கழுவிவிட்டு உடனே கண் டாக்டரிடம் போய்விடுங்கள்.

வெள்ளெருக்கு வளர்க்க ஆசைப்படுகிறவர்கள் விதையை நம்ப வேண்டாம். நீலம் பூத்து ஏமாற்றிவிடலாம். முற்றிய தண்டை வெட்டி, பால் உலரும்வரை நிழலில் வைத்து, மணல் கலந்த மண்ணில் ஊன்றுங்கள். தண்ணீரைக் குறைத்து ஊற்றுங்கள். குழந்தைகள் கைக்கெட்டும் பால்கனியில் மட்டும் வேண்டாம்.

சதுர்த்திக்குப் பூப் பறிக்கும்போது இலையின் அடிப்பக்கத்தை ஒருமுறை திருப்பிப் பாருங்கள். கறுப்பு, வெள்ளை, மஞ்சள் வரியோடு புழு இருந்தால் அந்தக் கிளையை விட்டுவிடுங்கள். வெந்தய வரியன் வண்ணத்துப்பூச்சியின் குஞ்சு அது. எருக்கின் நஞ்சைத் தின்றே உடம்பில் சேர்த்துக்கொள்வதால் பறவைகள் அதன் பக்கம் போவதில்லை.

வடாலா, ஆன்டாப் ஹில், சிவ்ரி பக்கம் வெள்ளெருக்கு நிற்கும் இடம் தெரிந்தவர்கள் நமக்கு எழுதுங்கள். தகரத் தடுப்பு வருவதற்குள் போய் ஆளுக்கொரு தண்டு வெட்டிவந்துவிடலாம்.

அன்புடன்,
ஆசிரியர்