விரல் வேகமா? உள்ளத்து உணர்ச்சியா?

பட்டிமன்றம் என்றால் நம்மவர்களுக்கு உயிர். கற்பில் சிறந்தவள் கண்ணகியா மாதவியா என்பதில் தொடங்கி, குடும்ப மகிழ்ச்சிக்குக் காரணம் கணவனா மனைவியா என்பது வரை நம் சங்க மேடையில் அலசாத தலைப்பு இல்லை. ஆனால் இந்தப் பெங்களூரில், நம் வீடுகளுக்குள்ளேயே ஒரு பட்டிமன்றம் சில ஆண்டுகளாக நடந்து வருகிறது. கதவைச் சாத்திக்கொண்டு பிள்ளைகள் நடத்துவதால் பெரியவர்களின் கவனத்துக்கு அது வருவதில்லை. தலைப்பு இதுதான்: ராக் கிதார் வாசிப்பில் சிறந்தது விரல்களின் திறமையா, உள்ளத்து உணர்ச்சியா?

"இரைச்சலில்கூட இரண்டு வகையா ஸார்?" என்று சிரிக்கும் நண்பர்கள் தயவுசெய்து பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். என் பேரனும் பேத்தியும் கிதார் கற்கத் தொடங்கி ஆறு ஆண்டுகள் ஆகின்றன. அந்த 'இரைச்சலுக்கு' நடுவில்தான் நான் தினமும் மாலைக் காபி குடிக்கிறேன். கேட்கக் கேட்க ஒன்று புரிந்தது. இது நமக்குப் பழகிய வழக்குதான். ஜி.என்.பி.யின் பிருகா பெரிதா, எம்.டி. ராமநாதனின் நிதானம் பெரிதா என்று சபா வாசலில் மல்லுக்கு நின்றவர்கள் நாம். கருவி வேறு, தேசம் வேறு, கேள்வி ஒன்றே.

முதலில் இரு அணிகளின் வாதத்தையும் கேட்போம்.

வேக அணி

இந்த அணியின் தலைவர் எட்டி வான் ஹேலன். 1978-இல் வந்த அவர் குழுவின் முதல் இசைத்தட்டில் 'இரப்ஷன்' என்றொரு தனி வாசிப்பு உண்டு. முழுசாக 2 நிமிடம்கூட இல்லை. தந்தியை மீட்ட வேண்டிய வலது கையையும் கிதாரின் கழுத்துக்குக் கொண்டுபோய், இரண்டு கை விரல்களாலும் தட்டித் தட்டி ஸ்வரங்களைக் கொட்டினார். அவருக்கு முன்பே சிலர் அந்த உத்தியைத் தொட்டிருக்கிறார்கள் என்றாலும், உலகத்தையே திரும்பிப் பார்க்க வைத்தவர் அவர்தான். 1984-இல் ஸ்வீடனைச் சேர்ந்த யிங்வி மால்ம்ஸ்டீன் 'ரைசிங் ஃபோர்ஸ்' என்ற இசைத்தட்டுடன் வந்தார். பாகனினியின் வயலின் வித்தைகளை மின்சாரக் கிதாரில் கொண்டுவந்த வேகம் அது.

இந்த வேகத்துக்குக் கணக்கு உண்டு. மெட்ரோனோம் என்னும் தாளக் கருவியை நிமிடத்துக்கு 120 அடி என்று வைத்து, அடிக்கு நான்கு ஸ்வரம் வாசித்தால் நொடிக்கு 8 ஸ்வரம். 200 அடிக்கு ஏற்றினால் நொடிக்கு 13-க்கும் மேல். "இதைச் செய்ய வருடக்கணக்கில் உழைக்க வேண்டும். உழைப்பைக் கேலி செய்பவர்கள் உழைக்க முடியாதவர்கள்" என்பது இவர்கள் வாதம். என் பேரன் இந்த அணி.

உணர்ச்சி அணி

ராக்கின் தாய்வீடு அமெரிக்கக் கறுப்பின மக்களின் ப்ளூஸ் இசை. அந்த வீட்டின் பெரியவர் பி.பி. கிங் (1925-2015) இந்த அணிக்குத் தலைவர். அவர் ஸ்வரங்களை வாரி இறைத்தவர் அல்லர். ஒரு வரி பாடுவார். பாட்டு நின்றதும் 'லூசில்' என்று பெயரிட்ட அவர் கிதார் பதில் சொல்லும். ஒரே ஒரு ஸ்வரத்தைப் பிடித்து, இடது கையைப் பட்டாம்பூச்சி போல் படபடக்கவிட்டு அதை நடுங்க வைப்பார். அந்த நடுக்கத்தைக் கேட்டாலே வாசிப்பது யார் என்று சொல்லிவிடலாம்.

அடுத்து ஜிமி ஹெண்ட்ரிக்ஸ். 1969 ஆகஸ்ட் 18 காலை, உட்ஸ்டாக் விழாவில் அமெரிக்க தேசிய கீதத்தைக் கிதாரில் வாசித்தார். வியட்நாம் போர் நடந்துகொண்டிருந்த காலம். கீதத்தின் நடுவே குண்டு விழும் ஓசையும் ஓலமும் அந்தத் தந்திகளிலிருந்து எழுந்தன. ஒரு சொல்கூடப் பேசாமல் ஒரு நாட்டின் மனச்சாட்சியை உலுக்கிய வாசிப்பு அது. 1991-இல் நிர்வாணா குழுவின் கர்ட் கோபேன், தம் குழுவுக்குப் பெரும்புகழ் தேடித் தந்த பாட்டில், வித்தை காட்ட வேண்டிய இடத்தில் பாடிய இசையையே கிதாரில் திருப்பி வாசித்துவிட்டுப் போனார். வேகப் பந்தயத்தில் சலித்திருந்த ஒரு தலைமுறை அவர் பின்னால் போயிற்று. என் பேத்தி இந்த அணி.

நடுவர் தீர்ப்பு

நான் சங்கீத வித்துவான் இல்லை. ஒரு ஆலையின் கணக்குப் பிரிவில் காலம் தள்ளி ஓய்வு பெற்றவன். ஆனாலும் ஆறு ஆண்டுகள் கேட்டவன் என்ற உரிமையில் சொல்கிறேன்: இரு அணியினரும் ஒரே தவற்றைச் செய்கிறார்கள். உணர்ச்சி வேறு, திறமை வேறு என்று நினைக்கிறார்கள்.

கிதாரின் கழுத்தில் குறுக்கே உலோகப் பட்டைகள் பதித்திருக்கும். நம் வீணையில் மெழுகின் மேல் மெட்டுகள் இருப்பதுபோல. பிள்ளைகள் அதை ஃபிரெட் என்பார்கள். ஃபிரெட்டுக்குப் பின்னால் விரலை அழுத்தினால் ஸ்வரம் சுத்தமாக வந்துவிடும். கருவியைச் செய்தவர் அளந்து வைத்துவிட்டார். ஆனால் தந்தியைப் பக்கவாட்டில் தள்ளி இழுத்தால், விறைப்பு ஏறி ஸ்வரம் மேலே போகும். எங்கே நிற்பது? அதைச் சொல்ல அங்கே ஃபிரெட் கிடையாது. காதுதான் சொல்ல வேண்டும். இம்மி குறைந்தால் அபஸ்வரம். இம்மி கூடினாலும் அபஸ்வரம். எவ்வளவு நேரத்தில் மேலே ஏறுவது, ஏறிய பின் எப்படி அசைப்பது, எப்போது இறங்குவது என்பதெல்லாம் விரலும் காதும் சேர்ந்து செய்யும் வேலை. கமகம் என்று நாம் சொல்வதற்கு நெருங்கிய உறவு இது. கேட்பவன் 'உருக்கம்' என்று உணர்வது, வாசிப்பவன் கையில் நுணுக்கமான திறமையாக இருக்கிறது. வேகத்தைவிட இது எளிது என்று யாராவது சொன்னால், ஒரு வீணைக்காரரிடம் போய்ச் சொல்லிப் பார்க்கட்டும்!

ஆங்கிலேயரான ஜான் மெக்லாக்ளின் இதை நன்றாக உணர்ந்தவர். மஹாவிஷ்ணு ஆர்க்கெஸ்ட்ரா நடத்தி, வேகத்தில் தமக்கு நிகரில்லை என்று பேர் வாங்கிய பிறகும், அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் நம் டாக்டர் எஸ். ராமநாதனிடம் வீணை கற்றார். பிறகு எல். சங்கரின் வயலின், ஜாகிர் உசேனின் தபலா, விக்கு விநாயக்ராமின் கடம் என்று சேர்த்துக்கொண்டு 'சக்தி' குழுவை அமைத்தார். 1975-இல் நேரடி நிகழ்ச்சியாகப் பதிவான அதன் முதல் இசைத்தட்டைக் கேளுங்கள். அந்தக் குழுவுக்காக அவர் செய்வித்த கிதாரில் ஃபிரெட்டுகளுக்கு இடையே மரத்தைக் குடைந்து பள்ளமாக்கியிருந்தார்கள். விரல் மரத்தில் உரசாமல் தந்தியை நன்றாகப் பிடித்து இழுக்கலாம் என்பதற்காக. வேக அணியின் தளபதி மால்ம்ஸ்டீனின் கிதாரும் இப்படிக் குடைந்ததுதான் என்பதை என் பேரனுக்கு நினைவூட்ட விரும்புகிறேன். வெறும் வேகமே குறிக்கோள் என்றால் மரத்தைக் குடைவானேன்?

உணர்ச்சி அணிக்கும் ஒரு வார்த்தை. 'உள்ளத்திலிருந்து வருகிறது, பயிற்சி எதற்கு' என்பது சோம்பலுக்குப் போட்ட சால்வை. உட்ஸ்டாக் மேடைக்கு வருமுன் ஹெண்ட்ரிக்ஸ், லிட்டில் ரிச்சர்ட் போன்றவர்களுக்குப் பின்னால் நின்று கூலிக்கு வாசித்துக் கை தேர்ந்தவர். பிங்க் ஃபிளாய்ட் குழுவின் 'தி வால்' (1979) தொகுப்பில் 'கம்ஃபர்டப்ளி நம்ப்' பாட்டின் கடைசியில் டேவிட் கில்மோர் வாசிக்கும் பகுதியை, உணர்ச்சிக்கு உதாரணமாக எல்லோரும் காட்டுவார்கள். அது ஒரே மூச்சில் பொங்கி வந்ததல்ல. ஐந்தாறு முறை வாசித்துப் பதிவு செய்து, ஒவ்வொன்றிலும் நன்றாக அமைந்த இடங்களைக் குறித்துக்கொண்டு, பூத்தொடுப்பது போல் கோத்து உருவாக்கியது. கேட்பவன் அழுகிறான்; தொடுத்தவன் காகிதத்தில் குறிப்பெடுத்திருக்கிறான். இதில் முரண்பாடு ஏதும் இல்லை.

அப்படியானால் திறமை எவ்வளவு வேண்டும்? சொல்ல வந்ததைச் சொல்லும் அளவுக்கு வேண்டும். பர்மிங்ஹாம் நகரத்து டோனி அயோமிக்கு 17 வயதில் தகடு ஆலை விபத்தில் இரண்டு விரல் நுனிகள் போய்விட்டன. அவர் இடது கைக்காரர். போனது தந்தியை அழுத்தும் வலது கை விரல்கள். பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரலுக்கு உறை செய்துகொண்டார். மெல்லிய தந்திகளைப் போட்டார். பிற்பாடு விறைப்பைத் தளர்த்திச் சுருதியை இறக்கினார். 1970-இல் முதல் இசைத்தட்டை வெளியிட்ட பிளாக் சாபத் குழுவின் அந்தக் கனத்த, இருண்ட நாதத்தின் மேல்தான் ஹெவி மெட்டல் என்ற வகையே எழுந்து நின்றது. விரல் குறைந்தவரிடம் சொல்வதற்கு விஷயம் குறையவில்லை. மறுபக்கம், அயர்லாந்தின் கேரி மூர் அசாத்திய வேகக்காரர். 1990-இல் ப்ளூஸுக்குத் திரும்பி 'ஸ்டில் காட் தி ப்ளூஸ்' வெளியிட்டபோது, அந்த வேகத்தைக் கைவசம் வைத்துக்கொண்டே அடக்கி வாசித்தார். இருப்பதை அடக்குவதும் ஒரு திறமைதான்.

நமக்கு ஏன் வேகம் பிடிக்கிறது?

இனி நம் வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். பிள்ளைகளின் பட்டிமன்றத்தில் பெற்றோர் எந்தப் பக்கம்? பெரும்பாலும் வேகத்தின் பக்கம். காரணம், அதற்கு எண் இருக்கிறது.

நம்மை இந்த ஊருக்குக் கொண்டுவந்தது எது என்று யோசித்துப் பாருங்கள். மார்க்கும் டைப்ரைட்டிங்கும் ஷார்ட்ஹேண்டும்! லோயர், ஹையர் என்று பாஸ் செய்து, நிமிடத்துக்கு எத்தனை சொல் என்று விண்ணப்பத்தில் எழுதி, தகரப் பெட்டியுடன் ரயில் ஏறிய தலைமுறை நம்முடையது. விரல் வேகம்தான் நமக்குச் சோறு போட்டது. அதை நான் ஒருநாளும் குறைத்துப் பேசமாட்டேன். ஆனால் நாம் அத்தனை வேகமாக அடித்த கடிதங்கள் யாருடையவை? மேலதிகாரியுடையவை. நம் பேரப் பிள்ளைகளாவது தங்கள் கடிதத்தைத் தாங்களே எழுதட்டுமே!

நகரில் ஒரு கிதார் வகுப்பில் (பெயர் வேண்டாம்) சுவரில் ஓர் அட்டவணை ஒட்டியிருந்தார்கள். மாணவர் பெயர், எதிரே மெட்ரோனோம் வேகம். அழைத்துப்போக வரும் பெற்றோர் முதலில் பார்ப்பது அதைத்தான். "உங்க பையன் 150, எங்க பையன் இன்னும் 130" என்று வாசலில் பேச்சு. என் பேத்தியின் பெயர் கடைசியிலிருந்து இரண்டாவது. ஒரே ஒரு தந்தி இழுப்பைச் சுருதி சுத்தமாக்க மூன்று வாரம் செலவழித்த பெண் அவள். அந்த மூன்று வாரத்துக்கு அட்டவணையில் கட்டம் இல்லை. "எனக்கு வேகம் வராது தாத்தா" என்று சொல்லிவிட்டு நின்றுவிட்டாள். நான்கு மாதமாகக் கிதார் உறையோடு பீரோவின் மேல் கிடக்கிறது. வகுப்பை நடத்தியவர் கெட்டவர் அல்லர். எண்ணைக் காட்டினால்தான் கட்டணம் கட்டுபவர்களுக்குத் திருப்தி என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது. கட்டணம் கட்டுபவர்கள் நாம்.

நம் சங்க ஆண்டு விழாவுக்கு ஒரு யோசனை

நம் ஆண்டு விழாப் போட்டியில் மேற்கத்திய வாத்தியப் பிரிவின் மதிப்பெண் தாளில் 'வேகம்' என்று தனியே ஒரு கட்டம் இருக்கிறது. உணர்ச்சிக்குக் கட்டம் இல்லை. கேட்டால், "உணர்ச்சியை எப்படி ஸார் அளப்பது?" என்கிறார்கள். நியாயமான கேள்வி. என் பதில்: முழுவதையும் அளக்க முடியாது, அதன் உறுப்புகளை அளக்கலாம்.

ஒவ்வொரு போட்டியாளரும் முதலில் ஓர் எளிய இசையை நிதானமாக வாசிக்கட்டும். எல்லோருக்கும் ஒரே இசை. நடுவர்கள் நான்கு கேள்விகள் கேட்டுக்கொள்ளட்டும். இழுத்த தந்தி சரியான சுருதியில் போய் நின்றதா? நிதானத்தில் காலப்பிரமாணம் ஓடாமல் இருந்ததா? மெல்லியது, பலத்தது என்ற ஏற்ற இறக்கம் இருந்ததா? நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தினாரா? இதன் பிறகு அவரவர் விருப்பப்படி, நொடிக்குப் 13 ஸ்வரம் வாசித்தாலும் சரி, கேட்டு மகிழ்வோம். வேகத்துக்கும் மதிப்பெண் தரலாம். ஆனால் தனிக் கட்டம் வேண்டாம், தெளிவோடு சேர்த்தே தரவேண்டும். நிதானத்தில் பிசகுகிறவனின் வேகம், எழுத்துப் பிழையோடு அடித்த கடிதம்.

பெற்றோருக்கு ஒரே ஒரு வேண்டுகோள். இன்று மாலை பிள்ளை வாசிக்கும்போது "எவ்வளவு ஸ்பீடு வந்திருக்கிறது?" என்று கேட்காதீர்கள். "அந்த இடத்தை இன்னொரு தரம் வாசி" என்று கேளுங்கள். எந்த இடம் என்று சொல்வதற்கு நாமும் கொஞ்சம் காது கொடுத்திருக்க வேண்டும். அதுதான் இதில் சிரமம்.

மதிப்பெண் தாளை மாற்றுவது பற்றிச் செயற்குழுவுக்கு எழுத இருக்கிறேன். எதிர்க் கருத்து உள்ள அன்பர்கள், குறிப்பாக வேக அணியினர், அடுத்த இதழிலேயே எழுதலாம். மேடை உங்களுடையது. மணி அடிக்க நான் தயாராக இருக்கிறேன்.