தலை எங்கே இருக்கிறது?

வணிகக் கப்பலில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற மும்பை நண்பர், பழைய பாய்மரப் படகு ஒன்றை வாங்கப் பார்க்கிறார். 28 அடி நீளம். மழைக்காலம் முடிந்ததும் கரையை ஒட்டியே கோவா வரை போய்வர வேண்டும் என்பது அவர் ஆசை. சேமிப்பில் கை வைக்கிற காரியம் என்பதால், விற்பவரின் ஆங்கில விளம்பரத்தைத் தமிழாக்கித் தன் மனைவியிடம் கொடுக்கச் சொன்னார்.

மூன்றாவது வரியிலேயே திணறினேன். படகின் 'ஹெட்' முன்பக்கம் இருக்கிறதாம். தலை முன்னால் இருப்பதில் என்ன அதிசயம்? விசாரித்தால், அது கழிப்பறை! அந்தக் காலப் பாய்க்கப்பல்களில் மாலுமிகள் முகப்பில்தான் ஒதுங்குவார்கள். மிச்சத்தை அலை பார்த்துக்கொள்ளும். பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது. மற்ற சொற்களுக்கு நம் மீனவர்கள் கை கொடுத்தார்கள். முன்பக்கத்துக்கு அணியம், பின்பக்கத்துக்கு அமரம், பாயை இழுத்துப் பிடிக்கும் கயிற்றுக்குத் தாமான். அகராதியைத் தேடி அலைய வேண்டியிருக்கவில்லை.

'ஆறு பேர் உறங்கலாம்' என்பதில் விளம்பரத்துக்கு ஏகப் பெருமை. பொய்யில்லை. சாப்பாட்டு மேசையைத் தாழ்த்தி மெத்தை போட்டால் அதுவும் கட்டில்தான். ஆறு பேரும் ஒரே சமயத்தில் எழுந்து நிற்க முடியுமா என்பது வேறு விஷயம்.

எனக்குப் பிடித்தது அடுப்பு. இரு பக்கமும் அச்சில் தொங்குகிறது. படகு எவ்வளவு சாய்ந்தாலும் அடுப்பு சாயாது, பால் கொட்டாது. இன்னொன்று, மரக்கட்டை. கழிப்பறைக்கும் என்ஜினுக்கும் கடல்நீர் வந்துபோக படகின் அடியில் துளைகள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் ஒரு வால்வு. அதன் பக்கத்திலேயே கூம்பு வடிவ மரக்கட்டையைக் கயிற்றில் கட்டி வைத்திருக்கிறார்கள். வால்வு உடைந்தால் கட்டையை அடித்துச் செருக வேண்டும். அவ்வளவுதான் தொழில்நுட்பம்.

பழைய படகு என்பதற்காகப் பயப்பட வேண்டியதில்லை. 1985இல் இந்திய ராணுவத்தின் பொறியாளர் படையினர் உலகைச் சுற்றக் கிளம்பிய 'திரிஷ்ணா'வும் இங்கிலாந்தில் வாங்கிய பழைய படகுதான். 37 அடி. சுற்றி முடித்து 1987 ஜனவரியில் மும்பை திரும்பியது.

ஆனால் மெத்தையின் நிறத்தைக்கூடச் சொல்லும் இந்த விளம்பரம், பாய்மரத்தைத் தாங்கி நிற்கும் எஃகுக் கம்பிகளின் வயதைச் சொல்லவில்லை. பத்துப் பதினைந்து ஆண்டுகளில் அவற்றை மாற்றிவிடுவது வழக்கம். வெளியே பளபளக்கும், உள்ளே அரித்திருக்கும். ஒன்று அறுந்தால் மரமே சாயலாம். படகைக் கவிழாமல் நிறுத்தும் அடிப்பாரத்தைப் பிணைத்திருக்கும் போல்ட்டுகளைப் பற்றியும் பேச்சு மூச்சில்லை.

விளம்பரத்தில் இல்லாததை மொழிபெயர்ப்பாளன் சேர்க்கக் கூடாது. பேசாமல் அனுப்பிவிட்டேன்.

மறுநாள் நண்பரின் மனைவி தொலைபேசியில் அழைத்தார். "அண்ணா, எல்லாம் புரிஞ்சுது. அந்தக் கம்பியெல்லாம் எப்ப மாத்தினாங்கன்னு எங்கேயும் காணோமே, நீங்க விட்டுட்டீங்களா?"

இருபது வருஷம் கப்பல்காரரோடு குடித்தனம் நடத்தியவர்! அந்தக் கேள்வியை ஆங்கிலமாக்கி விற்பவருக்கு அனுப்பியிருக்கிறேன்.