முதற்பிழையைப் படிப்போம்

2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தால், டெபியன் வழிவந்த பாஸ் லினக்ஸ் எலவனாசூர்கோட்டைப் பிள்ளைகளின் கைக்கும் எட்டியது. ஆயினும் மூலநிரலிலிருந்து பொதி கட்ட முனைந்து, பிழைச்செய்தியைக் கண்டதும் 'நமக்கு இது வராது' என்று கணினியை மூடிவிடுகிறோம்.

திரை நிறையப் பிழைகள் குவிந்தாலும் பெரும்பாலும் முதற்பிழையே மூலம். ஏனையவை அதன் தொடர்ச்சி. ஹெடர் கோப்பு இல்லையென்றால், அந்நிரலகத்துக்குரிய, '-டெவ்' என முடியும் பொதியை நிறுவவேண்டும். 'மிஸ்ஸிங் செபரேட்டர்' என்றால், மேக்ஃபைலில் டேப் இருக்கவேண்டிய இடத்தில் வெறும் இடைவெளிகள் இருக்கக்கூடும்.

ஒற்று மிகுமா மிகாதா என்று வரிவரியாய் நோக்கும் தமிழ் மாணவருக்கு இப்பயிற்சி புதிதன்று. அச்சமே நம்மை இறுதிவரியோடு நிறுத்திவிடுகிறது. அடுத்தமுறை, மூடுமுன் முதற்பிழைவரை மேலேறிப் படிப்போம்.