எல்லை தாண்டும் திரை

பெங்களூரின் தென்கிழக்கு விளிம்பில் ஓசூர் சாலையை ஒட்டியுள்ள ஹெப்பகோடியில், 2024 மக்களவைத் தேர்தலின்போது தமிழ்த் தொலைக்காட்சி பார்த்த வாக்காளர் ஒருவர், தமிழகத் தலைவர்களின் குரலையும் முகக்குறிப்பையும் எவ்வளவு நுட்பமாக எடைபோட்டிருந்தாலும், அவரது வாக்கு அத்தலைவர்கள் எவரும் போட்டியிடாத பெங்களூர் ஊரகத் தொகுதிக்கே உரியதாக இருந்தது. தமிழகம் ஏப்ரல் 19 அன்று வாக்களிக்க, இத்தொகுதி 26 அன்று வாக்களித்து, வேட்பாளர் டி.கே. சுரேஷுக்கு மாறாக இதயநோய் மருத்துவர் சி.என். மஞ்சுநாத்தைத் தேர்ந்தெடுத்தது. வாக்குப்பதிவு முடியும் நேரத்திற்கு முந்தைய 48 மணி நேரத்தில், அதாவது வாக்காளர் ஆரவாரமின்றிச் சிந்திப்பதற்கான அமைதிக் காலத்தில், அந்தந்த வாக்குப்பதிவுப் பகுதியில் தேர்தல் பரப்புரையைத் தொலைக்காட்சியில் காட்டுவதை மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 126ஆம் பிரிவு தடுக்கிறது; ஆனால் ஏழு கட்டங்களாக நடந்த அத்தேர்தலில், அடுத்த கட்டத்திற்காக வேறு மாநிலத்தில் பேசும் தலைவரின் நேரலை இதே வாக்காளரின் வீட்டிற்குள் தடையின்றி நுழைந்தது. தெருமுனைக் கூட்டத்திற்கு எல்லை உண்டு, செயற்கைக்கோள் அலைவரிசைக்கு இல்லை என்னும் இவ்வேறுபாட்டைச் சட்டம் இன்னும் போதிய அளவில் கணக்கில் கொள்ளாதது வாக்காளருக்கு இழைக்கப்படும் அநீதியே. வேட்பாளரை அறிய வேண்டிய அந்த இரண்டு நாள்களையும் தலைவரின் தோற்றமே நிரப்பிவிடுகிறது.