முதலில் பானெட்டைத் திறங்கள்

சிக்னலில் நிற்கும்போது கார் கிடுகிடுவென்று ஆடுகிறதா? உடனே சாவியை நீட்டி, 'பார்த்துச் செய்யுங்க பாஸ்' என்கிறீர்களே, அங்கேதான் பர்ஸ் இளைக்கிறது. பிளக்கை மாற்றுவார், சரியாகாது. காயிலை மாற்றுவார். அப்புறம் இன்ஜெக்டர். அவருடைய சந்தேகத்துக்கெல்லாம் பில் உங்கள் தலையில். இதுக்குப் பேர் ரிப்பேர் இல்லை சார், குருட்டாம்போக்கு. (விஷயம் தெரிந்த மெக்கானிக்குகள் கோபிக்க வேண்டாம்.)

2017 ஏப்ரலில் பி.எஸ்.4 நாடு முழுக்கக் கட்டாயமானது. அதன்பின் வந்த பெட்ரோல் கார்களில் டாஷ்போர்டுக்குக் கீழே ஓ.பி.டி. சாக்கெட் இருக்கும். சின்ன ரீடர் ஒன்றைச் செருகினால், எந்த சிலிண்டர் சண்டித்தனம் செய்கிறது என்று காரே பெரும்பாலும் சொல்லிவிடும். பி0301 என்றால் முதல் சிலிண்டர். சிலிண்டருக்கு ஒரு காயில் உள்ள வண்டியா? இன்ஜினை அணைத்து, ஆறவிட்டு, முதல் காயிலையும் இரண்டாவதையும் இடம் மாற்றி மாட்டுங்கள். பழைய எண்ணை அழித்துவிட்டு மறுபடி ஸ்டார்ட் செய்யுங்கள். பி0302 வந்தால் குற்றவாளி காயில்தான். பி0301-ஆகவே நின்றால், பிளக்குகளை அதே மாதிரி மாற்றிப் பாருங்கள்.

செக் இன்ஜின் விளக்கு கண் சிமிட்டினால் மட்டும் ஓட்டாதீர்கள். எரியாத பெட்ரோல் போய் கேட்டலிடிக் கன்வர்ட்டரைப் பொசுக்கிவிடும். அது காயிலைவிடப் பல மடங்கு விலை.

இந்த எளிய சோதனையைப் பல ஒர்க்‌ஷாப்புகள் ஏன் செய்வதில்லை? இடம் மாற்றியதற்கு என்னவென்று பில் போடுவது! அடுத்த முறை 'வண்டி ஆடுது' என்று சொல்லாதீர்கள். 'முதல் சிலிண்டர் காயில் போச்சு, அதை மட்டும் மாத்துங்க, பழசைக் கையில குடுங்க' என்று சொல்லிவிட்டு, எதிராளியின் முகத்தைப் பாருங்கள்.