கிளினிக்கின் கல்லாப்பெட்டி யார் கையில்?

“கோட்டாவில் படித்த டாக்டரிடம் ஆபரேஷன் செய்துகொள்வாயா?” என்று வாட்ஸ்அப்பில் கேட்பவர்களுக்கு நாம் ஆயிரம் முறை பதில் சொல்லிவிட்டோம். பாடத்திட்டம் ஒன்றுதான், தேர்வு ஒன்றுதான், தேர்ச்சி மதிப்பெண்ணும் ஒன்றுதான். இதைச் சொல்லிச் சொல்லி வாய் வலித்தது போதும் தோழர்களே. இனி நாம் கேட்போம்: உங்கள் ஊர் மெயின் ரோட்டில் வரிசையாக நிற்கும் கிளினிக்குகளில், நர்சிங் ஹோம்களில், ஸ்கேன் சென்டர்களில் எத்தனை நம் மக்களுடையவை? ஒரு நாள் நடந்து போய் எண்ணிப் பாருங்கள்.

தமிழ்நாட்டில் பட்டியல் சாதியினருக்கு 18 விழுக்காடு, அதற்குள் அருந்ததியருக்கு 3 விழுக்காடு, பழங்குடியினருக்கு 1 விழுக்காடு. போராடிப் பெற்ற இந்த இடங்களால் ஆண்டுதோறும் சேரியிலிருந்தும் மலையிலிருந்தும் டாக்டர்கள் வருகிறார்கள். ஆனால் பட்டம் வாங்குவதற்கும் சொந்தமாக போர்டு மாட்டுவதற்கும் நடுவில் இன்னொரு வாசல் இருக்கிறது. அங்கே நுழைவுத் தேர்வு கிடையாது, இட ஒதுக்கீடும் கிடையாது. அங்கே காவலுக்கு நிற்பது சாதி.

முதலில் இடம். நல்ல தெருவில் கடை பிடிக்கப் போனால் அட்வான்ஸ் பேசுவதற்கு முன்பே “தம்பிக்கு எந்த ஊரு, ஊர்ல எந்தப் பக்கம்?” என்று விசாரணை தொடங்கிவிடும். பதிலைக் கேட்டதும் அந்தக் கடை ‘ஏற்கெனவே பேசியாச்சு’ ஆகிவிடும்.

அடுத்து முதல். வங்கி மேலாளர் பார்ப்பது சொத்துப் பத்திரத்தை. தலைமுறை தலைமுறையாக நிலம் மறுக்கப்பட்டவனிடம் என்ன பத்திரம் இருக்கும்? 2016-இல் தொடங்கிய ஸ்டாண்ட்-அப் இந்தியா திட்டம், ஒவ்வொரு வங்கிக் கிளையும் குறைந்தது ஒரு பட்டியல் சாதி அல்லது பழங்குடித் தொழில்முனைவோருக்கு 10 லட்சம் முதல் 1 கோடி வரை கடன் தர வேண்டும் என்றது. உங்கள் ஊர்க் கிளை எத்தனை பேருக்குத் தந்தது? தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடுங்கள்.

மூன்றாவதுதான் பெரிய கோட்டை: ‘ரெஃபரல்’. ஒரு டாக்டர் நோயாளியை இன்னொரு டாக்டரிடமோ லேபுக்கோ அனுப்புவதற்கு கமிஷன் கொடுப்பதும் வாங்குவதும் 2002-ஆம் ஆண்டின் மருத்துவ நன்னடத்தை விதிகளின்படி குற்றம். ஆனாலும் ‘கட்’ ஓடுகிறது என்பது ஊரறிந்த ரகசியம். அந்தக் கட்டும் நம்பிக்கையும் யாருக்குள் சுற்றுகின்றன? ஒரே சாதிச் சங்கத்தில், ஒரே கல்யாண மண்டபத்தில், மாமன் மச்சான் உறவுக்குள். அந்தப் பந்தியில் இலை போடப்படாதவருக்கு நோயாளியும் வருவதில்லை. இதற்குப் பெயர் தகுதியா?

இது புதிய கதை இல்லை. கொலம்பியாவிலும் லண்டனிலும் பொருளாதாரம் படித்துவிட்டு 1917-இல் நாடு திரும்பிய அண்ணல் அம்பேத்கர், பம்பாயில் பங்கு வணிகர்களுக்கு ஆலோசனை சொல்லும் நிறுவனம் ஒன்றைத் தொடங்கினார். ஆலோசனை சொல்பவர் தீண்டப்படாதவர் என்று தெரிந்ததும் வந்தவர்கள் நின்றுவிட்டார்கள். நிறுவனத்தை மூடவேண்டியதாயிற்று. அவரிடம் எந்தத் தகுதி குறைவாக இருந்தது? சந்தை எல்லோருக்கும் பொது என்று பேசுபவர்கள் இதற்குப் பதில் சொல்லட்டும்.

சரி, தனியார் மருத்துவமனையில் நம் மக்களே இல்லையா? இருக்கிறார்கள். விடியற்காலையில் வார்டு கழுவுகிறார்கள். ரத்தம் தோய்ந்த பஞ்சை மஞ்சள் பையிலும், ட்ரிப் டியூபைச் சிவப்புப் பையிலும் பிரித்துப் போடுகிறார்கள். ‘ஹவுஸ்கீப்பிங்’ என்ற பெயரில் ஒப்பந்தக்காரரிடம் விடப்பட்ட இந்த வேலையில் மட்டும் யாரும் தகுதி பற்றிப் பேசுவதில்லை. 2016-ஆம் ஆண்டின் உயிரி மருத்துவக் கழிவு விதிகள், கழிவைக் கையாளும் ஒவ்வொருவருக்கும் ஹெபடைடிஸ் பி, டெட்டனஸ் தடுப்பூசி போடச் சொல்கின்றன. கையுறை முதலான பாதுகாப்புப் பொருள்களும், ஆண்டுக்கொரு முறை பயிற்சியும் உடல் பரிசோதனையும் தரவேண்டும். பொறுப்பு மருத்துவமனை நடத்துபவருடையது. ஆனால் செலவைக் குறைக்க வேண்டும் என்றதும் கத்தி முதலில் விழுவது இந்தத் தடுப்பூசியிலும் கையுறையிலும்தான். ஊசி குத்திய விரலோடு வீட்டுக்குப் போகிற அந்த அம்மா, லாபக் கணக்கில் எந்த வரியிலும் வரமாட்டார்.

அதனால் மருத்துவம் படிக்கும் தம்பி தங்கைகளே, உடற்கூறியலோடு கணக்கு வழக்கும் படியுங்கள். குத்தகைப் பத்திரம், மருத்துவ நிறுவனப் பதிவு, முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் சேரும் வழி, வங்கிக் கடன், வரி எல்லாவற்றையும் தெரிந்துகொள்ளுங்கள். ‘வியாபாரம் நமக்கு எதற்கு’ என்று ஒதுங்கினால் காலமெல்லாம் இன்னொருவர் கிளினிக்கில் சம்பளத்துக்கு நிற்க வேண்டியதுதான். தனியாக முடியவில்லையா? நான்கு பேர் சேர்ந்து ஒரே இடத்தில் நடத்துங்கள். கமிஷன் வாங்காத மருத்துவமனை என்று போர்டிலேயே எழுதுங்கள்.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். கல்லாப்பெட்டி நம் கைக்கு வரும் நாளில், நம் வார்டைக் கூட்டுகிறவருக்கு முறையான சம்பளமும், தடுப்பூசியும், உட்காரவும் உண்ணவும் ஓர் அறையும், சீட்டில் அவர் பெயரும் இருக்க வேண்டும். அது இல்லையென்றால் முதலாளியின் சாதி மாறியிருக்கும், அவ்வளவுதான்.

மருத்துவம் படிக்காத தோழர்களுக்கும் வேலை இருக்கிறது. இந்த வாரமே உங்கள் ஊரில் ஒரு தனியார் மருத்துவமனைத் தூய்மைப் பணியாளரிடம் பேசுங்கள். தடுப்பூசி போட்டார்களா என்று கேளுங்கள். இல்லை என்றால், மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்குப் புகார் எழுத அவரோடு உட்காருங்கள்.

ஜெய்பீம்!