நாற்றமும் நாணயமும்

கடற்கரைக்குக் காற்று வாங்க வருகிறவர் கைக்குட்டையால் மூக்கை மூடிக்கொள்கிறார். "கவிச்சி தாங்கவில்லை, காரை வேகமாக விடப்பா!" என்கிறார். மயிலையிலும் அடையாற்றிலும் மாளிகை கட்டி வாழும் பெரிய மனிதர். வீடு திரும்பியதும் இறால் வறுவல் எங்கே என்று கேட்பார். அது வேறு சங்கதி!

இப்படிப்பட்டவர்கள் வாழும் மாநகரில்தான், 2023 ஏப்ரல் திங்களில், கலங்கரை விளக்கத்திலிருந்து பட்டினப்பாக்கம் செல்லும் லூப் சாலையில் மீன் கடைகளால் போக்குவரத்துக்கு இடைஞ்சல் என்று உயர் நீதிமன்றம் தானாகவே முன்வந்து வழக்கை எடுத்துக்கொண்டது. மறுநாளே வந்துவிட்டார்கள் மாநகராட்சியினர், காவல் துறையினர் புடைசூழ! கூடையும் குடையும் பலகையும் பறந்தன. நொச்சிக்குப்பத்து மக்கள் சாலையிலே படகை நிறுத்தி மறித்தனர். பிறகு பேச்சு நடந்தது. 2024 ஆகஸ்டில் 366 கடைகள் கொண்ட அங்காடியும் அங்கே திறக்கப்பட்டது. அங்காடி வந்ததைக் குறைகூற நாம் பேனா எடுக்கவில்லை. அந்த 'மறுநாள்' இருக்கிறதே, அதைப் பற்றித்தான் கேட்கிறோம். கூடை வைத்திருப்பவளிடம் சட்டம் மறுநாளே வருகிறது. கொதிகலன் வைத்திருப்பவரிடம் எப்போது வரும்?

தூத்துக்குடிச் சீமையிலே பொட்டலூரணி என்றோர் ஊர். ஊரருகே மூன்று மீன் கழிவு ஆலைகள். மீனின் தலை, குடல், செதில் என்று மனிதன் தின்னாதவற்றையெல்லாம் கொண்டுவந்து அவித்து, பிழிந்து, உலர்த்தி, பொடியாக்கித் தீவனத்துக்கு விற்பது இவ்வகைத் தொழில். அவிக்கும்போது எழும் ஆவிக்கு வேலி ஏது? பிழிந்த நீருக்குப் போக்கிடம் எது? ஊரார் மனுக் கொடுத்தார்கள். போராடினார்கள். ஆலைகள் புகைந்துகொண்டேயிருந்தன. 2024 ஏப்ரல் 19-இல் நாடாளுமன்றத் தேர்தல் வந்தது. ஆலையை மூடாமல் ஓட்டு இல்லை என்று ஊர் ஒதுங்கிக்கொண்டது. அதிகாரிகள் ஓடோடி வந்து சமாதானம் பேசினர், பலிக்கவில்லை. ஏழையின் வாசலுக்கு எல்லாரும் கும்பிட்டபடி வருகிற நாள் ஐந்தாண்டுக்கு ஒன்று. அந்த ஒரு நாளையும் ஒரு கிராமம் வேண்டாமென்று தள்ளுகிறதென்றால், அங்கே மூச்சு எவ்வளவு முட்டியிருக்க வேண்டும்!

மூன்று மாதம் சென்றது. ஜூலை 19. அதே மாவட்டம், புதூர் பாண்டியாபுரம். அங்குள்ள மீன் பதப்படுத்தும் ஆலையில் இரவு நேரத்தில் அம்மோனியா கசிந்தது. மூச்சுத் திணறி மயங்கிய சுமார் 30 பெண்கள் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். அவர்களில் பலர் ஒடிசாவிலிருந்து பிழைக்க வந்தவர்கள். ("வெளியே ஓடு" என்ற எச்சரிக்கை அங்கே எந்த மொழியில் எழுதப்பட்டிருந்ததோ!) மீனை உறையவைக்கும் குளிருக்கு அம்மோனியா வேண்டும். இறாலைக் கெடாமல் காக்கிற அதே வளி, குழாயை விட்டு வெளியே வந்தால், உடம்பில் ஈரமுள்ள இடமாகப் பார்த்துப் பாயும்: கண், தொண்டை, நுரையீரல்.

இங்கேதான் முதலாளியின் சாமர்த்தியத்தைக் காண வேண்டும். ஊரார் "நாற்றம்!" என்றால், "ஏழைப் பெண்களின் சோற்றில் மண்ணைப் போடலாமா?" என்று தொழிலாளியைக் காட்டுகிறார். உள்ளே இருப்பவள் முகமூடியும் முறையான கூலியும் கேட்டால், "ஊரார் ஆலையையே மூடச் சொல்கிறார்கள், நீயும் கொடி பிடித்தால் பூட்டுத்தான்" என்று ஊரைக் காட்டுகிறார். மதிலுக்கு உள்ளே ஒரு பேச்சு, வெளியே ஒரு பேச்சு. மதில் மட்டும் பலமாக நிற்கிறது!

இரண்டும் வேறு வேறு வழக்குத்தானா? ஆந்திரத்திலே மேற்குக் கோதாவரி மாவட்டத்தாரைக் கேளுங்கள். துந்துர்ரு என்னுமிடத்தில் இறால் பதப்படுத்தும் பெரிய ஆலை எழும்பியபோது, கழிவு கால்வாயில் கலந்து வயலும் மீன்பாடும் பாழாகும் என்று சுற்றுப்புற மக்கள் எதிர்த்தனர். 2016-இல் 144 தடை! கைது! சிறை! கழிவைக் குழாய் போட்டுக் கடலுக்குக் கொண்டுபோகிறோம் என்று சமாதானமும் சொல்லப்பட்டது. கடலிலே மட்டும் மீனவன் இல்லையா என்ன! 2017 மார்ச் 30-இல், அதே மாவட்டத்து மொகல்தூரில், இயங்கிக்கொண்டிருந்த வேறோர் இறால் ஆலையில், தொட்டியைத் துப்புரவு செய்யப் போன ஐந்து தொழிலாளர்கள் நச்சு வளியால் மாண்டனர். மதிலுக்கு வெளியே இருந்தவர்கள் அஞ்சிய கழிவு, மதிலுக்கு உள்ளே இருந்தவர்களை முதலில் கொண்டுபோயிற்று.

மீன் கழுவிய நீரில் இரத்தமும் கொழுப்பும் உண்டு. மூடிய தொட்டியில் காற்றின்றி அது அழுகினால் ஹைட்ரஜன் சல்பைடு பிறக்கும். முதலில் அழுகிய முட்டை நாற்றம். அளவு மிஞ்சினால் மூக்கு மரத்துவிடும், நாற்றமே தெரியாது. நாற்றம் போயிற்று என்று நிம்மதியாக இறங்குகிறவன் ஏறுவதில்லை. அவனைத் தூக்க இறங்குகிறவனும் ஏறுவதில்லை.

தொட்டியை முறையாகச் சுத்திகரிக்கச் செலவாகும். சும்மா விட்டால் மிச்சமாகும். ஊரார் மூக்கிலும் உழைப்பாளி மூச்சிலும் மிச்சம் பிடித்த காசு ஒரே பெட்டியில்தான் விழுகிறது. பெட்டி சிறியதுமல்ல. 2023-24-இல் இந்தியாவிலிருந்து ஏற்றுமதியான கடலுணவின் மதிப்பு 60,523 கோடி ரூபாய். அதில் பெரும்பகுதி உறையவைத்த இறால். கடல் கடந்து வாங்குகிறவன் இறாலில் மருந்து எச்சம் உண்டா என்று சோதிக்கிறான். இருந்தால் சரக்கையே திருப்புகிறான். அதை உரித்தவளின் நுரையீரலைச் சோதிப்பார் யார்?

அரசினரை வானத்தை வில்லாக வளைக்கச் சொல்லவில்லை. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தார் ஒருநாள் வந்து வெளிக்குழாயைப் பார்ப்பதும், தொழிலகப் பாதுகாப்புத் துறையார் மற்றொரு நாள் வந்து உட்குழாயைப் பார்ப்பதும் போதும். இருவரும் ஒரே நாளில், ஒரே கதவு வழியே, சொல்லாமல் வரட்டும். கண்டதை ஊராட்சி மன்றப் பலகையில் தமிழில் ஒட்டட்டும். பெண்கள் தங்கும் விடுதிச் சுவரில் ஒடியாவில் ஒட்டட்டும்.

மே முதல் நாள் தொழிலாளர் திருநாள். தமிழ்நாட்டில் கிராம சபை கூடும் நாளும் அதுவே. பொட்டலூரணி போன்ற ஊர்களின் பெரியவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அன்று ஆலைக்கு ஆளனுப்பி, அங்கே பாடுபடும் பெண்களையும் கூட்டத்துக்கு அழையுங்கள். ஒடியா தெரிந்த ஒருவரை எப்படியாவது தேடிப் பிடியுங்கள். முதலில் அவர்கள் பேசட்டும்.